கிட்டாரின் தலை ஏன் முறிகிறது?

தலைநகரில் உள்ள ஒரு பள்ளியின் இசை அறையில், சென்ற மழைக்காலத்தில், சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்த கிட்டார் ஒன்று மாணவன் ஒருவனின் கால் இடறியதால் மல்லாந்து விழுந்தது. விழுந்த உயரம் மிகச் சிறிது. உடற்பகுதியில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அதன் தலை, கழுத்தினின்றும் முறிந்து, தந்திகளைப் பற்றிக்கொண்டு தொங்கியது. பழுது பார்க்கத் தகுதியற்றது என்று இருப்புப் பதிவேட்டில் குறிக்கப்பட்டு, உடைந்த நாற்காலிகளோடு அதுவும் ஓர் அறையில் போடப்பட்டது.

அங்குப் பணிபுரியும் நண்பர் ஒருவரின் உதவியால் அதனைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முறிந்த முகம், கரும்பைச் சாய்வாகச் சீவியது போல், நீண்டும் வழவழப்பாகவும் இருந்தது. அடியுண்டு ஒடிந்த மரத்தில் காணப்படும் சிலும்புகள் மிகக் குறைவு. அதாவது, அங்கே மர இழைகள் அறுபடவில்லை. ஒன்றினின்று ஒன்று பிரிந்துவிட்டன. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் அந்தக் கிட்டாரை வெளியே எறிந்திருக்க வேண்டியதில்லை. தொழிற்கூட்டுறவுச் சங்கங்களில் தச்சர்களோடு பழகும் களப்பணியாளர்களுக்கும், பள்ளிகளில் பொருள்களின் பண்புகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தால் இச்செய்தி இங்கே சற்று விரிவாக எழுதப்படுகிறது.

தலை சாய்ந்திருப்பதன் காரணம்

கிட்டாரின் கழுத்து முடியும் இடத்தில் எலும்பாலோ தந்தத்தை ஒத்த செயற்கைப் பொருளாலோ ஆன சிறு கட்டை ஒன்று குறுக்கே பதிக்கப்பட்டிருக்கும். தந்திகள் அதன்மீது தவழ்ந்து சென்று, அப்பால் உள்ள தலைப்பலகையின் திருகுகளில் சுற்றப்படுகின்றன. தந்தி அதிரும்போது அந்தக் கட்டையின்மீது துள்ளாமல் அழுந்தி நிற்க வேண்டும். துள்ளினால் ஓசை கெடும். அழுந்தி நிற்பதற்காகவே தலைப்பலகை கழுத்தின் நேர்கோட்டில் அமையாமல் பின்புறமாகச் சாய்ந்துள்ளது. சாய்வு பெரும்பாலும் 13 பாகை முதல் 17 பாகை வரை இருக்கும்.

ஒரு தந்தி 12 கிலோகிராம் இழுவிசையுடன் முறுக்கப்பட்டுள்ளது என்று கொள்வோம். தலை 15 பாகை சாய்ந்திருந்தால், அத்தந்தி கட்டையை ஏறத்தாழ 3 கிலோகிராம் விசையுடன் கீழ்நோக்கி அழுத்தும். எஃகுத் தந்திகள் பூட்டிய கிட்டாரில் ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை 70 கிலோகிராம் அளவில் இருக்கும். நைலான் தந்திகளாயின் 40 கிலோகிராம் அளவு. நன்கு வளர்ந்த ஒரு மனிதனின் எடைக்கு நிகரான இவ்விசை, இரவும் பகலும், வாசிக்கும்போதும் வாசிக்காதபோதும், அந்தத் தலையை முன்னோக்கி மடக்கிவிட முயன்றுகொண்டே இருக்கிறது.

சிதார் இத்தொல்லையை வேறு வகையில் தவிர்த்துவிட்டது. அதன் தண்டு இறுதிவரை நேராகவே செல்கிறது. முளைகள் தண்டின் முகத்திலும் பக்கத்திலும் துளைத்துச் செருகப்படுகின்றன. சாய்ந்த தலையே இல்லாதபோது முறிவதற்கும் ஒன்றுமில்லை. 1966-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மணிலாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் டெல்லியில் தங்கிய பீட்டில்ஸ் குழுவினர், கன்னாட் பிளேசில் உள்ள ரிக்கி ராம் கடையில் நம் நாட்டு இசைக்கருவிகளை வாங்கிச் சென்றனர். கிட்டார் வாசித்துப் பழகிய அவ்விளைஞர்கள், சிதாரின் நேரான தலையைக் கண்டு என்ன எண்ணினார்களோ! மேலை நாட்டிலும் 1950-ஆம் ஆண்டை ஒட்டி, கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தம்முடைய மின் கிட்டார்களுக்குச் சாய்வில்லாத தலையை அமைத்தார். அதில் சில தந்திகளை அழுத்திப் பிடிப்பதற்குத் தனியே ஒரு சிறு உலோகக் கொக்கி தேவைப்பட்டது.

இழையோட்டமும் வலிமையும்

மரம் என்பது நெடுக அடுக்கப்பட்ட மெல்லிய குழல்களின் கட்டு. குழல்களை நெடுக்கில் இழுத்து அறுப்பது அரிது. குறுக்கே பிரிப்பது எளிது. விறகு பிளப்பவர் கோடரியை எப்பக்கம் ஓங்குகிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பல மரங்களில், இழைக்குக் குறுக்கான இழுவலிமை, நெடுக்கான இழுவலிமையில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

இழை முற்றிலும் குறுக்காக ஓட வேண்டும் என்பதில்லை. சற்றே சாய்ந்து ஓடினாலும் வலிமை விரைவாகக் குறைகிறது. அமெரிக்காவில் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடம் வெளியிட்டுள்ள மரக் கையேட்டில் இதற்குத் தெளிவான அளவுகள் தரப்பட்டுள்ளன. நேரான இழை கொண்ட மரத்தின் வளைவு வலிமையை 100 என்று வைத்துக்கொண்டால், 20-க்கு 1 என்ற அளவில் இழை சாயும்போது அது 93 ஆகிறது. 10-க்கு 1 என்றால் 81. 5-க்கு 1 என்றால் 55. திடீரென விழும் அடியைத் தாங்கும் திறன் இன்னும் வேகமாகச் சரிகிறது: 10-க்கு 1 சாய்வில் 62, 5-க்கு 1 சாய்வில் 36 மட்டுமே.

இனி, ஒரே பலகையிலிருந்து கழுத்தையும் தலையையும் சேர்த்து அறுத்தெடுப்பதாகக் கொள்வோம். இழை கழுத்தின் நெடுக்கில் நேராக ஓடும். தலை 15 பாகை திரும்பும் இடத்தில் இழை அதனுடன் திரும்பாது. மரத்திற்கு நம் வரைபடம் தெரியாதன்றோ! எனவே தலைப்பலகையில் இழை 4-க்கு 1 என்பதைவிடச் சற்று மிகுந்த சாய்வில் ஓடிப் பின்புறத்தில் வெளியேறிவிடுகிறது. மேலே கண்ட கடைசி அளவைக் காட்டிலும் இது மோசமான நிலை. கழுத்து மிகவும் மெலிந்திருக்கும் இடமும் இதுவே. எஃகுத் தந்திக் கிட்டார்கள் பலவற்றில் கழுத்தை நிமிர்த்தும் உலோகத் தண்டின் திருகுமுனைக்காக இதே இடத்தில் ஒரு குழியும் தோண்டுகிறார்கள். தந்திகளின் ஓயாத இழுவிசையும் சேர்ந்திருக்க, கருவி மல்லாந்து விழும்போது கனமான உலோகத் திருகுகளைத் தாங்கிய தலை திடீரென அதிர்கிறது, இழைகள் பிரிந்துவிடுகின்றன. பள்ளியில் நேர்ந்தது இதுவே. அந்தச் சிறுவன் திட்டு வாங்கியிருப்பான். குற்றத்தில் பெரும்பங்கு பலகையை அறுத்த முறையைச் சாரும்.

புரட்டி ஒட்டும் உபாயம்

இதற்குத் தச்சர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே கண்ட மாற்று, ஆங்கிலத்தில் ஸ்கார்ஃப் என்று வழங்கும் மூட்டு. கழுத்தில் சுற்றும் துணிக்கும் அம்மொழியில் அதே பெயர் உண்டு என்பதால், மொழிபெயர்ப்பாளன் ஒருமுறை தடுமாறித்தான் மேலே செல்ல வேண்டியிருக்கிறது. சாய்வு மூட்டு என்று இங்கே குறிப்போம்.

செய்முறை எளியது. 20 மில்லிமீட்டர் கனமுள்ள நேரான பலகையை எடுத்து, அதன் ஒரு முனைக்கருகில், கனத்தின் ஊடே 15 பாகைச் சாய்வில் அறுக்க வேண்டும். அறுபட்ட சிறு துண்டைப் புரட்டி, அதன் தட்டையான முகத்தை, நீண்ட துண்டின் சரிந்த முகத்தின்மேல் அமர்த்தி ஒட்ட வேண்டும். சிறு துண்டின் சரிந்த முனை இப்பொழுது கழுத்தின் மேற்பரப்போடு ஒரே தளமாகச் சேர்ந்துவிடும்; எஞ்சிய பகுதி 15 பாகை பின்சாய்ந்த தலையாக நீண்டு நிற்கும். அதாவது தலைத் துண்டின் இழை தலையின் நெடுக்கிலேயே ஓடுகிறது; கழுத்தின் இழை கழுத்தின் நெடுக்கிலேயே ஓடுகிறது. முன்பு முறிந்த மெலிந்த இடத்தில் இப்பொழுது சாய்ந்த இழை இல்லை. மூட்டோ அவ்விடத்தைவிட்டு விலகிக் கழுத்தின் தடித்த பகுதிக்குள் போய்விட்டது. அதன்மேல் மெட்டுகள் பதித்த விரற்பலகை ஒட்டப்படுவதால் அதற்கு ஒரு மூடியும் கிடைத்துவிடுகிறது.

ஒட்டிய மரம் எப்படி ஒட்டாத மரத்தைவிட வலுவுள்ளதாகும் என்று வாசகர் கேட்கலாம். பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். 60 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் கனமும் உள்ள பலகையை நேர்குறுக்கே அறுத்தால் கிடைக்கும் முகம் 12 சதுர சென்டிமீட்டர். 15 பாகைச் சாய்வில் அறுத்தால் அறுவையின் நீளம் 77 மில்லிமீட்டராகி, முகம் 46 சதுர சென்டிமீட்டராகப் பெருகுகிறது. அன்றியும், பசை மரத்தின் குறுக்குவெட்டு முனையில் நன்றாகப் பற்றுவதில்லை; குழல்களின் திறந்த வாய்கள் அதை உறிஞ்சிவிடுகின்றன. சாய்வு மூட்டில் ஒரு முகம் முழுவதும் இழையின் பக்கவாட்டு முகம்; மற்றது சற்றே சாய்ந்த முகம். எனவே பிடிப்பு உறுதியாகிறது. இழுவிசையின் பெரும்பகுதியும் மூட்டைப் பிய்த்துத் திறப்பதாக அமையாமல், அதன் தளத்தின் வழியே தேய்த்து இழுப்பதாக அமைகிறது. நல்ல பசை இவ்வகை விசையை மரத்துக்கு நிகராகத் தாங்கும்.

சிக்கனமும் கவனிக்கத்தக்கது. 200 மில்லிமீட்டர் நீளமுள்ள தலை 15 பாகை சாயும்போது அதன் நுனி 52 மில்லிமீட்டர் கீழிறங்கும். ஆகவே ஒரே துண்டில் அறுக்க ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டை வேண்டும். அதில் பெரும்பகுதி தூளாகவும் சிம்பாகவும் கழியும். சாய்வு மூட்டுக்கு 20 மில்லிமீட்டர் பலகை போதும். உடலோடு சேரும் அடிப்பாகத்தைத் துண்டுகளை அடுக்கி ஒட்டிக்கொள்ளலாம். கிட்டார்க் கழுத்துக்குப் பெயர்பெற்ற மகாகனியின் பெரிய இலை வகை, 2003-ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. நம் நாட்டில் சிதார் தண்டுக்குப் பயன்படும் தூன் மரமும் (தமிழில் சந்தன வேம்பு) அதே வேப்பங் குடும்பத்தைச் சேர்ந்தது. முற்றிய கட்டை கிடைப்பது அருகிவரும் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள பலகையே போதும் என்பது சிறு செய்தியன்று.

ஒட்டு என்னும் சொல்

இத்தனைக்குப் பிறகும், ஒட்டிய கருவி என்றால் வாங்குவோர் முகம் சுளிக்கின்றனர். தஞ்சாவூர் வீணையிலும் இந்த மனப்பான்மையைக் காணலாம். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அவ்வீணை இருவகையாகச் செய்யப்படுகிறது. குடமும் தண்டியும் தலையும் ஒரே பலாக்கட்டையில் குடையப்பெறுவது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து இணைக்கப்படுவது சாதாரண வீணை. முன்னதற்கே மதிப்பும் விலையும் அதிகம். நாதத்தைப் பற்றி வைணிகர்கள் கூறும் தீர்ப்பில் தலையிட எனக்குத் தகுதியில்லை. வலிமை ஒன்றை மட்டும் நோக்கினால், ஒரே கட்டையில் குடைந்த போதிலும் யாளியின் கழுத்து கீழ்நோக்கி வளையும் இடத்தில் இழை குறுக்கே அறுபட்டே தீரும். ஆனால் தந்திகள் பிருடைகளோடு நின்றுவிடுகின்றன. பிருடைகளுக்கு அப்பாலுள்ள யாளி அவற்றின் இழுவிசையைத் தாங்க வேண்டியதில்லை. ஆதலால் அங்கே அழகுக்கு இடம் கொடுத்ததில் தவறில்லை. பழைய ஆசாரிகள் இதைக் கணக்கிட்டுச் செய்தார்களா, பழக்கத்தால் செய்தார்களா என்பது வேறு. விஞ்ஞானிகளின் கவனம் வீணையின் மறுமுனைக்கே சென்றது: 1921-இல் சர் சி. வி. ராமன் வீணை, தம்பூரா ஆகியவற்றின் குதிரை அமைப்பைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. தலைமுனை தச்சர்களின் பொறுப்பாகவே இருந்துவந்துள்ளது.

மாமரத்தில் ஒட்டு என்றால் மகிழ்ச்சியோடு கூடுதல் விலை கொடுக்கும் நாம், மரவேலையில் ஒட்டு என்றால் ஏன் தாழ்வாக எண்ணுகிறோம்? பாலுஸ்வாமி தீட்சிதர் காலம் முதல் நம் கச்சேரி மேடையில் இடம்பெற்றுவிட்ட வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1737-இல் மறைந்த ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களின் கழுத்து, 1800-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்து இசைக்குப் போதாதாயிற்று. நீண்டதும் மேலும் சாய்ந்ததுமான கழுத்து வேண்டியிருந்தது. ஆனால் அவர் கையால் செதுக்கிய தலைச்சுருளை இழக்க எவரும் விரும்பவில்லை. எனவே பழைய தலையைப் புதிய கழுத்தில் ஒட்டினர். உலகின் மிக உயர்ந்த விலை பெறும் வயலின்களில் பெரும்பாலானவை இவ்வாறு ஒட்டுத்தலை கொண்டவையே.

கிட்டாரின் வரலாறும் இதற்கு மாறன்று. சாக்சனியிலிருந்து சென்று 1833-இல் நியூயார்க்கில் கடை வைத்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் காலத்துக் கிட்டார்களில் தலை தனியாகச் செய்து கழுத்தில் செருகி ஒட்டப்பட்டது; மூட்டின் பின்புறத்தில் வைரக்கல் வடிவில் ஒரு புடைப்பு எஞ்சும். இருபதாம் நூற்றாண்டில் ஒரே துண்டு மகாகனிக்கு மாறிய பிறகும், வாங்குவோர் கண் பழகிவிட்டது என்பதால், சில வகைகளில் அப்புடைப்பை வேலையற்ற அலங்காரமாகச் செதுக்கி வந்தனர். ம்யூனிக் நகரத்து ஹெர்மன் ஹௌசர் இன்னும் கடினமான வழியை மேற்கொண்டார். ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற ஆப்பு ஒன்றைத் தலையிலும், அது அமரும் பிளவைக் கழுத்திலும் வெட்டி, ஒளி புகா வண்ணம் பொருத்துவது அது. அழகும் உறுதியும் உள்ளதாயினும் ஒரு நாள் வேலையை விழுங்கும். தொடக்க நிலைப் பட்டறைக்குச் சாய்வு மூட்டே ஏற்றது.

பசையும் பருவமும்

பழைய தச்சர்கள் கையாண்டது வச்சிரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இப்பசையை நீர்த்தொட்டியில் வைத்து, கொதிக்கவிடாமல், கை பொறுக்காத சூட்டில் இளக்கிப் பூச வேண்டும். உலர்ந்தபின் அது கண்ணாடி போல் இறுகும். தொடர்ந்து இழுத்தாலும் இளகிக் கொடுக்காது. ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் விட்டுவிடும். 1959 முதல் நம் சந்தையில் உள்ள ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைகள் எளியவை. குளிர்ந்த நிலையிலேயே பூசலாம். எனினும் அவற்றில் சில, நீடித்த இழுவிசையில் மெல்ல மெல்ல ஊர்ந்து கொடுக்கும். வெப்பத்தில் இக்குணம் மிகும். மே மாதத்தில் நிழலிலேயே 45 பாகையைத் தொடும் டெல்லியில், மூடிய மோட்டார் வண்டிக்குள் கிட்டாரை விட்டுச் செல்வது எவ்வளவு அறிவீனம் என்பதை இதனால் உணரலாம்.

வறண்ட மே மாதத்துக்கும் ஈரம் நிறைந்த ஆகஸ்டு மாதத்துக்கும் இடையே மரம் சுருங்கி விரிகிறது. நெடுக்கில் இம்மாற்றம் மிகச் சொற்பம்; குறுக்கில்தான் பெரிது. தலைத் துண்டையும் கழுத்தையும் ஒரே பலகையிலிருந்து எடுத்தால் இரண்டும் ஒத்து விரியும். மூட்டில் தேவையற்ற இழுபறி தோன்றாது.

ஒட்டும்போது இரண்டு செய்திகளில் கவனம் வேண்டும். இரு முகங்களையும் அன்றே இழைப்புளியால் சீவியிருக்க வேண்டும். ஒரு துளி நீர் விட்டால் அது உருண்டு நிற்காமல் பரவ வேண்டும். மற்றொன்று, சரிந்த முகங்களுக்கிடையே பசை எண்ணெயைப் போல் வழுக்கும். இறுக்கியவுடன் தலைத் துண்டு நழுவி ஓடிவிடும். எத்தனையோ மூட்டுகள் கெட்டது இதனால்தான். பின்னர் அறுத்து நீக்கப்படும் ஓரத்தில் இரண்டு மெல்லிய ஆணிகளையோ மூங்கில் முளைகளையோ அடித்து நிறுத்திய பிறகே இறுக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் அசைக்கலாகாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

பெட்டி மரத்திலிருந்து ஒரே அகலமும் கனமும் உள்ள மூன்று பட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இழை நெடுக்கில் ஓடட்டும். இன்னொன்றைப் பலகையில் கோணலாக வரைந்து, இழை அதன் கனத்தில் 4-க்கு 1 சாயுமாறு அறுக்க வேண்டும். மூன்றாவது, நேரிழைப் பட்டையை இடையில் சாய்வாக அறுத்து, அதே முகங்களை மீண்டும் பொருத்தி ஒட்டியது. இரு நாற்காலிகளுக்கிடையே ஒவ்வொன்றையும் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, லிட்டர் கணக்கில் நீரை ஊற்றி வரலாம். லிட்டர் ஒன்றுக்கு எடை ஒரு கிலோகிராம். வாளிக்குக் கீழே மணல் பரப்பிக்கொள்வது நலம். எது எந்த அளவில் முறிந்தது என்பதை மாணவர் குறித்துக்கொள்ளட்டும். அதைவிட முக்கியமாக, முறிந்த முகங்களை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேரிழைப் பட்டை சிலும்பிக் கிழிந்திருக்கும். சாய்ந்த இழைப் பட்டை கத்தி கொண்டு சீவியது போலிருக்கும். மூன்றாவதில் பசை விட்டதா, பசையை ஒட்டிய மரம் கிழிந்ததா என்பதை உருப்பெருக்காடியால் காணலாம். ஒட்டு வேலையின் தரத்தை அளக்க இதனினும் நேர்மையான வழி இல்லை.

முன்பே முறிந்துபோன கருவியைப் பற்றி ஒரு சொல். நீண்ட, சுத்தமான சாய்வுடன் முறிந்த தலை, தானாக அமைந்த ஒரு சாய்வு மூட்டே. முகங்களில் விரல் படாமலும் சிம்புகளை அகற்றாமலும் பாதுகாத்து, தந்திகளை உடனே கழற்றிவிட்டு, இளம் பசை பூசிப் பொருத்தி இறுக்கினால் பெரும்பாலும் நிலைத்துவிடும். விரிசல் மட்டும் கண்டிருந்தால் காத்திருக்கலாகாது. கை அழுக்கும் எண்ணெயும் உட்புகுந்த பிறகு பசை பற்றாது.

பள்ளியின் கிட்டாரை அங்குள்ள தச்சர் ஒருவர் அரைமணி நேரத்தில் ஒட்டிக்கொடுத்தார். மறுநாள் முதல் அது வாசிக்கப்பட்டு வருகிறது. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பொருளை மீண்டும் சேர்த்துக்கொள்வதற்கு விதிகளில் எங்கே இடமிருக்கிறது என்று அலுவலகத்தார் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.